அடுத்த மையத்துப் பிள்ளைகள்

நவம்பர் 4, திங்கள்

காலையில் புராஜெக்ட் ஆபீசில் கூட்டம். ஒன்றியத்து அங்கன்வாடி டீச்சர்கள் எல்லோரும் வந்திருந்தோம். ஃபேன் ஓடவில்லை. சூப்பர்வைசர் ஹேமா மேடம் வந்ததும் வராததுமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்த மாதம் ஒவ்வொரு ஏரியாவிலும் ஆறு வயதுக்குள் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கணக்கெடுக்க வேண்டுமாம். எடை, உயரம், தடுப்பூசி மட்டுமல்ல. பிள்ளை என்ன சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறது என்பது வரைக்கும் கேட்க வேண்டும். அதையும் அவரவர் மையத்தில் செய்யக் கூடாது. கணக்கு முடிகிற வரை ஆளை மாற்றிப் போடுகிறார்கள்.

"ஒங்க பிள்ளைகள நீங்களே நிறுத்தா தராசுகூடப் பாசம் காட்டுது" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் பாதிப் பேர் தராசுக் கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தியவர்கள்தான். நான் யார் பேரையும் சொல்லவில்லை.

சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது ஓடைக்கரைக் காலனி. அதாவது ராஜபுஷ்பத்தின் மையம். அவள் என் மையத்துக்கு, என் வீடும் இருக்கிற பிள்ளையார் கோயில் தெருவுக்கு வருகிறாள்.

ராஜபுஷ்பமும் நானும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். பயிற்சியில் ஒரே பெஞ்சு. அவளுக்குப் படம் வரைய வராது, என் நோட்டைப் பார்த்துத்தான் வாத்து வரைந்தாள். போன வருடம் சிறந்த மையம் என்று அவளுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். கிடைக்கட்டும், நல்லதுதான். எனக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் மேடை ஏறுகிற அன்றைக்கும் சாயம் போன சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு அந்த நடிப்பு?

கூட்டம் முடிந்ததும் மேடம் அவள் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ரேஷன் பருப்பைப் புடைத்து டப்பாவில் கொட்டினேன். இட்லிக்கு ஆட்டினேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

ஓடைக்கரைக் காலனியில் முதல் நாள். டவுனிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். காலனிக்குப் பின்னால் ஓடை, அதன் மேல் ஒரு தரைப்பாலம். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம்தான் ராஜபுஷ்பத்தின் வீடு. காலனிப் பெண்கள் எல்லோருமே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எங்க புஷ்பத்தை எங்க?" என்றது ஒரு வாண்டு. புஷ்பம் அத்தை, சேர்த்துப் புஷ்பத்தையாம். டீச்சரை அத்தை என்று கூப்பிடுவது என்ன ஒழுங்கு? என் மையத்தில் ஒரு பிள்ளை அப்படிக் கூப்பிடாது. கூப்பிட விட்டதும் இல்லை.

"கொஞ்ச நாளைக்கு நான்தான் டீச்சர்" என்றேன். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். ஆயா குருவம்மாள் ஓடி வந்து தூக்கினாள். "புதுசுல்லா டீச்சர், பழகிருங்க" என்றாள். அவள் சொன்ன விதம் பிள்ளைகளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

ராஜபுஷ்பம் சுவரில் படம் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறாள். மாம்பழம் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. மயிலுக்கு மூன்று கால்.

எடை போட்டேன். குறை சொல்ல இடமில்லை. தடுப்பூசி ஒன்றுகூடத் தவறவில்லை. கை சுற்றளவு அளக்கிற நாடாவில் எல்லாப் பிள்ளைக்கும் பச்சை, சத்துக் குறைவே இல்லை. ஒரே ஒரு பிள்ளைக்கு மஞ்சள். தர்ஷிகா, மூன்றரை வயது, வாயே திறக்காத பிள்ளை. அம்மா பேர் பாண்டீஸ்வரி, அப்பா இல்லை. நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன். சிவப்புக்குப் போகவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நிறுத்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். வயிறு நிறைய சாம்பார் சாதமும் முட்டையும். வெறும் வயிற்றில் நிறுத்தால் அல்லவா உண்மையான எடை தெரியும்!

சாயங்காலம் ராஜபுஷ்பம் போன் செய்தாள். "வடிவு, ஒன் பிள்ளைக எம்புட்டு அடக்கம்! கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுக. எங்களதுக பூராம் கொரங்கு" என்றாள்.

பாராட்டுகிறாளாம்.

நவம்பர் 6, புதன்

மழை. காலனி வீடுகளில் பாதிக் கணக்கு எடுத்தேன். குடை கம்பி போய்விட்டது.

நவம்பர் 7, வியாழன்

பிள்ளைகள் வீட்டில் டீயும் பன்னும் தின்பதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸில் ஏறினேன். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே "தராசத் தூக்கிக்கிட்டுப் பாலூத்துறவனோட போட்டியா?" என்றார். கடமை என்று ஒன்று இருப்பது இவருக்கு எங்கே புரியப் போகிறது?

காலனியில் இறங்கும்போது தீப்பெட்டி ஆபீஸ் வேன் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் தூக்குவாளியோடு முட்டி மோதி ஏறினார்கள். இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. தெருவில் ஒரு வீட்டில்கூட விளக்கு இல்லை. ஆனால் பால்வாடியில் விளக்கு எரிந்தது.

ஜன்னல் ஓரமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உள்ளே ராஜபுஷ்பம். தரையில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்த பிள்ளைகள் சுவரோரம் சாய்ந்து கஞ்சி குடித்தார்கள். அந்த ஊமைப்பிள்ளை தர்ஷிகா அவள் மடியில் ஏறி உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. என்னிடம் இரண்டு நாளாக ஒரு சொல் பேசாத பிள்ளை! இவள் அதற்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே "அப்படியா? பொறவு? பொறவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீப்புப் பிடித்த கைகூட அவசரப்படவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காலில் கொசு பிடுங்கியது. அவள் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, அப்போதுதான் வந்த மாதிரி உள்ளே நுழைந்தேன்.

குருவம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் மென்று விழுங்கினாள். அப்புறம் கொட்டிவிட்டாள். "வேன் விடியமுன்ன வந்துருது டீச்சர். பால்வாடி ஒம்பதரைக்கு. நடுவுல பிள்ளைகள யாரு பாக்க? பூட்டிப் போட்டுட்டுப் போவாக. பாண்டீஸ்வரி மவளச் சேலைய வச்சுக் கட்டில் கால்ல கட்டிப்போட்டுட்டுப் போவா. ஓடப்பக்கம் போயிரக் கூடாதுல்லா? டீச்சர் ஒரு நாளு பாத்துட்டாக. அன்னைலருந்து விடியமுன்ன வந்து தெறந்துருவாக."

"கஞ்சிக்கு அரிசி?"

"அவுக வீட்டு அரிசி டீச்சர்."

அப்படித்தான் சொல்வாள். அவளுடைய ஆயா வேறு எப்படிச் சொல்வாள்?

நேரம் கெட்ட நேரத்தில் அரசாங்கக் கட்டடத்தைத் திறக்க யார் அனுமதி கொடுத்தது? ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? இப்போதுதான் புரிகிறது, பிள்ளைகள் ஏன் இவளிடம் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று. நாங்கள் எல்லாம் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிறவர்கள். இவள் யாருக்கும் தெரியாமல் கூடுதலாக நாலு மணி நேரம் ஓடிவிட்டு எங்களோடு பந்தயத்தில் நிற்கிறாள். இது நியாயமா?

வெறும் வயிற்று எடை எடுக்க முடியவில்லை. எல்லாம் கஞ்சி குடித்திருந்தன.

நவம்பர் 8, வெள்ளி

இன்று கேள்விகள். "ஒனக்குப் பயம் வந்தா யாருகிட்ட போவ?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அம்மா என்றன சில. அப்பா என்று ஒன்று. மற்றதெல்லாம் "புஷ்பத்தைகிட்ட".

தர்ஷிகா வாயைத் திறக்கவில்லை. ஒரு மிட்டாய் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. "டீச்சர்கிட்ட போவியா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். தலையை ஆட்டியது. "எந்த டீச்சர்?" என்றேன். வாசலைக் கை காட்டியது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

மிட்டாயைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

சாயங்காலம் நானே ராஜபுஷ்பத்துக்குப் போன் போட்டேன். கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு, "அந்தப் பயக் கேள்விக்கு எங்க பிள்ளைக என்ன சொல்லுதுக?" என்றேன்.

"எல்லாம் அம்மான்னுதான் சொல்லுதுக" என்றாள்.

"டீச்சர்னு?"

"சின்னப் பிள்ளைக வடிவு. அம்மான்னுதான சொல்லும்" என்றாள்.

எனக்கு இரக்கம் காட்ட இவள் யார்?

நவம்பர் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். மழையில் எதுவும் காயவில்லை, வீடு முழுக்கக் கொடி கட்டியிருக்கிறேன். மகன் ஓசூரிலிருந்து போன் பேசினான். இவரிடம்தான். "அம்மா அடுப்படியில இருக்காளா, சரி சரி" என்று வைத்துவிட்டானாம்.

மீன் குழம்பு சாப்பிடும்போது இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எலும்பைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "வேன் நம்ம தெருவுக்கும்தான வருது?" என்றார்.

"வருது. நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கு" என்றேன்.

"பாத்தியா?"

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எத்தனை வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? குழம்பில் புளி தூக்கல் என்று ஒரு குறை வேறு சொன்னார்.

நவம்பர் 11, திங்கள்

மேடம் காலனிக்குச் சோதனைக்கு வந்தார். நான் புகார் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். இரண்டும் வேறு.

"வேற ஏதாவது கவனிச்சீங்களா வடிவு?" என்றார்.

"அவ நல்ல மனசு மேடம். அதுல மாத்துக் கருத்தே இல்ல. விடியமுன்ன தெறந்து பிள்ளைகளக் கொண்டாந்து வச்சுக்கிடுறா. ஆனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா டிபார்ட்மென்டுக்குல்லா மேடம் கெட்ட பேரு?"

மேடம் முகம் மாறிவிட்டது. "எத்தன நாளா? யாரு பெர்மிஷன் கொடுத்தா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதானே, எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது.

மேடம் போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வருகிற வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். இவர் "என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை, சாப்பிடத் தோன்றியது என்றேன். இரண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. நெய் சரியில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ராஜபுஷ்பத்துக்கு மெமோ. கணக்கு முடிகிற வரை காலனி மையத்தின் சாவி என்னிடம்தான் இருக்க வேண்டும், ஒன்பதரைக்கு முன் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

சாயங்காலம் சாவியைக் கொடுக்க வீட்டுக்கே வந்தாள். காபி வேண்டாம் என்றாள். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"யாரு சொன்னாகன்னு நான் கேக்கல. தெரிஞ்சு என்னத்துக்கு ஆகப்போவுது" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஷீல்டுதான் வேணும்னா எங்கிட்டக் கேட்ருக்கலாம் வடிவு. கோழிக்கூட்டுக் கதவுக்கு அண்டை குடுத்து வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ."

"மேடம் உத்தரவு" என்றேன்.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். குரல் இறங்கிவிட்டது. "காலைல கதவ மட்டும் தெறந்து வச்சிரு தாயி. நீ ஒண்ணுஞ் செய்ய வேணாம். குருவம்மா பாத்துக்கிடுவா. மழக்காலம்."

"மேடத்துகிட்டக் கேளு" என்றேன்.

அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எவ்வளவோ நாள் அவளை அப்படிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்த பிறகு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ராத்திரி சப்பாத்தி போட்டேன், ஒன்றுகூட உப்பவில்லை.

நவம்பர் 13, புதன்

நேற்று ராத்திரி முழுக்க மழை. விடியுமுன்னே பள்ளிகளுக்கு விடுமுறை என்று போனில் வந்துவிட்டது. எங்களுக்கும்தான். தீப்பெட்டி ஆபீசுக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

போக வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் முதல் பஸ்ஸில் ஏறினேன். அவள் எங்கேயாவது மாற்றுச் சாவி வைத்திருப்பாள், மெமோவையும் மீறித் திறப்பாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன். வேறு எதற்கும் இல்லை. இதை எழுதிவைக்கிறேன்.

மையம் பூட்டித்தான் இருந்தது. வாசல் படியில், சாரல் அடிக்கிற இடத்தில், ஐந்து பிள்ளைகள் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் குருவம்மாள் நின்றாள். "தாய்மாருக வழக்கம்போல விட்டுட்டுப் போயிட்டாக டீச்சர். எங்கிட்டச் சாவி இல்ல" என்றாள். தரைப்பாலம் முங்கிவிட்டது, ராஜபுஷ்பம் அந்தக் கரையிலேயே நிற்கிறாள் என்றாள்.

கதவைத் திறந்தேன். பிள்ளைகள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். எண்ணிப் பார்த்தேன். "தர்ஷிகா எங்க?" என்றேன்.

குருவம்மாள் வாயில் கை வைத்தாள். "பாண்டீஸ்வரி நேத்து எங்கிட்டக் கேட்டா. தெறக்க மாட்டாகன்னு சொல்லிட்டேனே. பழையபடி கட்டிப் போட்டுட்டுல்லா போயிருப்பா."

பாண்டீஸ்வரியின் வீடு கடைசி வீடு. ஓடையை ஒட்டி, பள்ளத்தில் இருக்கிறது. பெரிய பிள்ளையிடம் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். தெருவில் கணுக்கால் தண்ணீர். அந்த வீட்டுக்குப் போகும்போது முழங்கால். கதவில் பூட்டு. சாவி பாண்டீஸ்வரி இடுப்பில், தீப்பெட்டி ஆபீசில். வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பிள்ளை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. இடுப்பில் சேலை, சேலையின் மறு நுனி கட்டில் காலில். அழவில்லை. விரல்கள் நாலும் வாய்க்குள்.

"தர்ஷிகா, கட்டில் மேல ஏறு" என்றேன். என்னைப் பார்த்தது. ஏறவில்லை. "ஏறு பிள்ள, ஏறு, ஏறு!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அது பின்னால் பின்னால் போயிற்று. குனிந்து கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் அதன் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

குருவம்மாள் பூட்டை உடைக்க அம்மிக்குழவி தேடி எதிர்வீட்டுக்கு ஓடினாள். நான் போனை எடுத்தேன். ராஜபுஷ்பத்தின் நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் பாதி சொல்வதற்குள், "போன ஜன்னல்ட்ட வையி. சத்தத்தக் கூட்டு. நீ பேசாத" என்றாள்.

கம்பிக்குள் கையை விட்டுப் போனை நீட்டிப் பிடித்தேன்.

"தர்ஷிக்குட்டி" என்றது போன். "புஷ்பத்தை வந்திருக்கேன். குருவம்மா வீடு கூட்டப் போறா. கூட்டும்போது கோழிக்குஞ்செல்லாம் எங்க ஏறணும்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "மேல."

"எங்க, ஏறுங்க பாப்போம். அத்தைக்குத் தெரியணும்ல?"

பிள்ளை வெளியே வந்தது. ஈரச் சேலையை இழுத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் காலை வைத்தது, வழுக்கியது, மறுபடி வைத்தது. ஏறிவிட்டது. ஏறி நின்று போனைப் பார்த்துச் சிரித்தது. "ஏறிட்டேன் அத்தை."

"ஏ ராசாத்தி! அங்கனயே நில்லு. பொறவு? நேத்து அம்மா என்ன கொழம்பு வச்சா?"

அது குழம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. இவள் "பொறவு? பொறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. போன் விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கம்பிக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றது நான். பிள்ளைக்கு நான் அங்கே இல்லவே இல்லை.

குருவம்மாள் குழவியால் போட்ட மூன்றாவது அடியில் பூட்டு விட்டது. நான்தான் உள்ளே போய் முடிச்சை அவிழ்த்துத் தூக்கினேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. போனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது.

பாண்டீஸ்வரி செய்தி கேட்டு யார் வண்டியிலோ ஏறி வந்து சேர்ந்தாள். மையத்து வாசலில் பிள்ளையைப் பார்த்ததும் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கதவத் தெறந்து வச்சா ஒங்களுக்கு என்ன டீச்சர் கொறஞ்சு போவுது? ஒங்க வீட்டுக் கதவா?"

ஓடையில் தண்ணீர் வந்தது என்னால் அல்ல. பிள்ளையைக் கட்டிப்போட்டதும் நான் அல்ல. இதை எத்தனை தடவை எழுதினாலும் உடம்பு உதறுவது நிற்கவில்லை. இவர் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

நவம்பர் 14, வியாழன்

காய்ச்சல். குழந்தைகள் தின விழாவை மழையால் தள்ளிவைத்துவிட்டார்களாம். தர்ஷிகாவுக்குச் சளி மட்டும்தான், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குருவம்மாளுக்கு நாலு தடவை போன் செய்து கேட்டேன். நாலாவது தடவை அவளே "தூங்குங்க டீச்சர்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

ஆபீசில் மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மெமோவை ராஜபுஷ்பத்தின் கையிலிருந்து வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "எழுத்துல எதையும் என்னால தர முடியாது. ஆனா விடியக்காலத்துல அந்தப் பக்கம் நான் சோதனைக்கு வரப் போறதில்ல" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. தோளைத் தட்டவும் இல்லை.

கணக்கு முடிந்துவிட்டது, திங்கள் முதல் அவரவர் மையம். சாவியை அவளிடம் கொடுத்து, என் மையத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன். எதிர்க்கடையில் டீ குடிக்கலாம் என்றாள். அவள்தான் கூப்பிட்டாள். எனக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்காது.

கடையில் ஒரு தட்டு கேசரி வாங்கி நடுவில் வைத்தாள். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஒன் தெருவுலயும் இருக்கு வடிவு. நாலு வீடு. சாயங்காலம் வேன் வந்து நிக்கும்போது தாய்மாருகட்டப் பேச்சுக் குடுத்தேன். வேணி மவன ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிட்டுப் போறா. அதான் அது பால்வாடில கையக் கட்டிக்கிட்டே உக்காந்திருக்கு."

கேசரியில் முந்திரி இருந்தது. எண்ணெய் நாற்றம் அடித்தது.

"மேடத்துகிட்ட எப்பச் சொன்ன?" என்றேன்.

"இன்னுஞ் சொல்லல. போன வாரமே தெரியும். ஒன் பிள்ளைகல்லா. மொதல்ல ஒங்கிட்டச் சொல்லிட்டு, பொறவு சொல்லுவோம்னு இருந்தேன்."

குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். கேசரியில் முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு எண்ணமே அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவள் இப்படி இருந்தால் நான் என்ன செய்வது?

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். அதையாவது விடாமல் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று காலை மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். வேன் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஏறினார்கள். வேணி வீட்டுக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலில் எதையோ சொல்லிவிட்டு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அரை நாள் வேலையாம். அதுகூட எனக்கு இவர் சொல்லித்தான் தெரிந்தது.

இத்தனை வருடமாக அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? அடுப்படியில். தேங்காய் துருவிக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு. அந்த வீடு எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு.

மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சாயங்காலம் பழைய பாய் நாலை எடுத்து உதறிப் போட்டேன். எதற்கு என்று இவர் கேட்கவில்லை. கடைக்குப் போகிற சாக்கில் அவரே பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். நாளைக்குத் திறக்கலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. என் ஆயாவிடம்கூட. யாரும் வராவிட்டால் அசிங்கம்.

ஓடைக்கரைக் காலனியில் வேன் வருகிற நேரத்துக்குத்தான் ராஜபுஷ்பம் திறக்கிறாள். நான் அதற்கும் முன்னால் திறந்துவிட வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

விடியுமுன் திறந்தேன். பாயை விரித்தேன். கஞ்சி வைத்தேன், எங்கள் வீட்டு அரிசி. விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. வராமல் போனால் இந்தக் கஞ்சியை என்ன செய்வது, ஆயா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தெரு முனையில் வேன் விளக்குத் தெரிந்த நேரத்தில் வேணி வந்தாள். தோளில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஓட்டமும் நடையுமாக வந்தவள் என்னைப் பார்த்ததும் "தெறந்துட்டீகளா டீச்சர்!" என்றாள்.

"நான் தெறப்பேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"புஷ்பத்தை டீச்சர்தான். சனிக்கெழம சாயங்காலம் வேனடிக்கு வந்து எங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டுப் போனாக. திங்கக்கெழம ஒங்க டீச்சர் கண்டிப்பாத் தெறப்பாக, நம்பிப் பிள்ளையக் கொண்டு போயி விடுங்கன்னு."

சனிக்கிழமை. நான் முடிவு செய்ததே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

வேணிக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் அவள் சொல்லி வருகிறவர்கள். வேன் ஹாரன் அடித்தது. வேணி மகனைத் தோளிலிருந்து இறக்கி என் பக்கம் நீட்டினாள்.

வயிறு எரிந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.